வளர்ற புள்ளைக்கு வாங்கிய துப்பாக்கி

ரவுண்ட் ராக், டெக்சஸ்
நவம்பர் 5

என் தங்க மகன் மதனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்தில் உனக்கு ஒரு குறையும் வராமல் கருப்பராயன் காவல் இருக்கட்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அப்பாவின் புருவத்தில் மட்டும் தையல் போட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. பயப்படாதே, அது சிரிக்க வேண்டிய விஷயம். பின்னால் வருகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ராணுவப் பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்வதும் ஒரு விதத்தில் நல்லதுதான். இல்லாவிட்டால் உன் கையெழுத்தை நான் எந்தக் காலத்தில் பார்க்கப் போகிறேன்? நீ இங்கிலீஷில் எழுது, நான் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது வீண் போகக் கூடாது. புரியாத இடத்தை வாய்விட்டுப் படி, புரியும். உன் சார்ஜென்ட் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது.

பயிற்சி முடியும் நாள் அணிவகுப்புக்கு அம்மாவும் வெண்பாவும் வந்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். அப்பா வேண்டாம் என்று எழுதவில்லை, ஆனால் எனக்குப் படிக்கத் தெரியும். காலேஜை விட்டுவிட்டு ராணுவத்தில் கையெழுத்துப் போட்டு வந்த அன்று அவர் உன்னைப் பேசிய பேச்சை நானும் மறக்கவில்லை. அவருக்காக நான் வக்கீல் வேலை பார்க்கப் போவதில்லை. உன் தங்கை மான் வேட்டைக்குப் போன கதையைச் சொல்கிறேன். படித்துவிட்டு அப்பா வரலாமா வேண்டாமா என்று நீயே சொல்.

வெண்பா மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது உனக்குத் தெரியும். நீ போன பிறகு வேட்டைக்காரர் வகுப்பில் சேர்ந்து பரீட்சையும் எழுதிவிட்டாள். துணைக்குப் போய் உட்கார்ந்த நானும் எழுதினேன், நானும் பாஸ். உன் அம்மா இப்போது சான்றிதழ் வாங்கிய வேட்டைக்காரி, மரியாதையாக இரு. ஜம்புநாதன் அங்கிள் லானோ பக்கத்தில் இருக்கும் தன் நிலத்துக்கு அழைத்தார். மான்கள் பெருகிப் போய் வேலியோரம் ஒரு செடியை விடுவதில்லையாம். பதினேழு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரக்கடைசி வேட்டையைத் திறந்துவிடுகிறார்கள். அதற்குத்தான் இவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நம் ஊர்க் கோயிலில் கிடாய் வெட்டினால் ஒரே வெட்டில் விழ வேண்டும். இரண்டாவது முறை கத்தி ஓங்கினால் கூடியிருக்கும் சனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வெட்டியவன் வருஷம் முழுக்கத் தலை குனிந்து நடப்பான். மானுக்கும் அதுதான் சட்டம் என்றேன். ஒரே குண்டு. அடிபட்டு ஓடி எங்கோ ஒரு புதரில் கிடந்து அது வதைபட்டால், துப்பாக்கியை அன்றைக்கே மறந்துவிட வேண்டும். வெண்பா யோசித்துவிட்டு அது நியாயம் என்றாள்.

துப்பாக்கி வாங்கும் பொறுப்பை உன் அப்பா எடுத்துக்கொண்டார். அவர் எதையாவது அளவாக வாங்கிப் பார்த்திருக்கிறாயா? மூன்றாம் வகுப்பில் உனக்கு வாங்கிய குளிர்கோட்டு எட்டாம் வகுப்பு வரை வந்தது. ஷூ நுனியில் பஞ்சு அடைக்காமல் நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதே இல்லை. உனக்கு எடுத்துக் கொடுத்த படிப்பும் அதே அளவுதான். கடையில் நின்றுகொண்டு, "வளர்ற புள்ளைக்கு யாராச்சும் அளவா எடுப்பாங்களா?" என்று என்னையே கேட்டார். த்ரீ ஹண்ட்ரட் மேக்னம் என்ற பெரிய துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்தார். கரடி வரைக்கும் தாங்குமாம். லானோவில் கரடிக்கு எங்கே போவது?

சுடும் கிளப்பில் சின்ன ட்வென்ட்டி டூ துப்பாக்கியால் வெண்பா சுடுவதை நீயே பார்த்திருக்கிறாய், காசு அகலத்துக்குள் ஐந்து குண்டையும் வைப்பாள். இந்தப் பெரியதை எடுத்த நாளிலிருந்து குறி அட்டையில் எங்கெங்கோ ஓட்டை விழுந்தது. அப்பா பழகீரும், பழகீரும் என்றார். அவளும் வாயே திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார வைத்தபோதுதான் பார்த்தேன், சுடும்போதெல்லாம் துப்பாக்கி பின்னால் உதைத்து, வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பா ஆசையாக வாங்கியது, சொன்னால் வருத்தப்படுவார் என்றாள். பதின்மூன்று வயதுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது? நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை.

அன்றைக்கே அப்பாவை ஒரு பிடி பிடிக்கலாம் என்று எழுந்தேன். வெண்பா என்னைத் தடுத்து, முதலில் தவறு தன் மேலா துப்பாக்கி மேலா என்று தெரிய வேண்டும் என்றாள். மறுநாள் சுடும் மைதானத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மருந்து இல்லாத போலித் தோட்டாக்கள் சிலதை என் கையில் கொடுத்து, நிஜத்தோடு கலந்து, எது எது என்று தனக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள். போலித் தோட்டா இருந்தபோது துப்பாக்கி வெடிக்கவே இல்லை. ஆனாலும் அவள் தோள் துள்ளியது, குழல் முனை தரையைப் பார்த்துக் குனிந்தது, கண் இறுக மூடியிருந்தது. உதை விழப் போகிறது என்ற பயத்தில் விசையை இழுக்கும்போதே உடம்பு பின்வாங்குகிறது. அவளே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் பயம், அதை இத்தனை நாள் என்னிடமே மறைத்திருக்கிறேன் என்றாள். பெரியவர்கள் எத்தனை பேருக்கு மதன், இப்படித் தன்னைத் தானே சோதித்துப் பார்க்கும் தைரியம் இருக்கிறது?

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் அவளே சொன்னாள். இதன் உதைக்கு நான் பயப்படுகிறேன், நான் பயப்பட்டால் அதற்கு மான்தான் விலை கொடுக்கும் என்றாள். அப்பா விடுவாரா? அடுத்த சனிக்கிழமை எப்படிச் சுடுவது என்று காட்டுகிறேன் பார் என்று கிளம்பினார். ஒரு முறை கூட அதைச் சுட்டதில்லை அந்த மனிதர். குறி பார்க்கும் ஸ்கோப்புக்கு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு சுட்டார். அது திரும்பி வந்து புருவத்தில் ஒரு போடு போட்டதில் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆபீசில் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார், நீயும் அப்படியே வைத்துக்கொள்.

தையல் போட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். அப்புறம் வெண்பாவைக் கூப்பிட்டு, "தப்பு என்னுதுதான் கண்ணு. உன்ற தோளப் பாக்காம கடையப் பாத்து வாங்கிட்டேன்" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அதன் பிறகு துப்பாக்கியை வெண்பாவே தேர்ந்தெடுத்தாள். அங்கிள் தன்னிடம் இருந்தவற்றை மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார். டூ ட்வென்ட்டி த்ரீ என்று ஒன்று, உதையே இல்லை, வெண்பா நினைத்த இடத்தில் குண்டு விழுந்தது. அப்பாடா முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் வேண்டாம் என்றாள். சட்டம் அனுமதிக்கிறது, பலர் இதை வைத்துத்தான் சுடுகிறார்கள், ஆனால் ஒரு விரற்கடை தவறினாலும் மானுக்கு வதை, எனக்குச் சுலபம் என்பதற்காக அதை எடுக்க மாட்டேன் என்றாள். பிறகு டூ ஃபார்ட்டி த்ரீ. அதில் கொஞ்சம் உதை உண்டு, தாங்கும் உதை. போலித் தோட்டாவைக் கலந்து மறுபடியும் சோதித்தோம், குழல் அசையவே இல்லை. அங்கே நின்ற ஒருவர், மானுக்கு இது சின்னது என்று உதட்டைப் பிதுக்கினார். எங்கள் பக்கத்து மான் அவ்வளவு பெரியது இல்லை, சரியான குண்டைப் போட்டு நூறு கஜத்துக்குள் நெஞ்சுக்கூட்டில் வைத்தால் போதும், நூறு கஜத்துக்கு மேல் நான் சுடவே மாட்டேன் என்று வெண்பா மரியாதையாகச் சொன்னாள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நாம் வாயால் சொல்கிறோம், இவள் அளந்து பார்த்து எடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படி. அன்றைக்குத் திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். ஃப்ரீவேயில் ஏறியதும் அப்பா பின்னால் திரும்பி வெண்பாவிடம், "மதனுக்கு அங்க என்ன துப்பாக்கி குடுப்பாங்க? அவனுக்குத் தோளு வலிக்குமா கண்ணு?" என்று கேட்டார். நீ போன பிறகு உன் பெயர் அவர் வாயில் வந்தது அன்றைக்குத்தான். ராணுவத்தில் கொடுப்பது ஏறக்குறைய அந்த டூ ட்வென்ட்டி த்ரீ மாதிரிதான், உதையே இருக்காது என்று வெண்பா சொன்னாள். அந்தச் சின்னதா, நிஜமாகவா என்று மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார். "அப்பச் செரி" என்று சீட்டில் சாய்ந்தவர் வீடு வரும் வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தார். அந்தச் சின்னது எதற்காக உன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு வந்தது. அதை நான் எழுத மாட்டேன்.

வேட்டைக்கு வருவோம். மான் வரும் இடத்தைப் பார்த்தபடி, மறைந்து உட்கார ஒரு மரக்கூண்டு. அதில் நானும் வெண்பாவும் மட்டும். அப்பா வாய் மூடி ஐந்து நிமிஷம் இருக்க மாட்டார் என்பதால் அவரை அங்கிள் வீட்டில் விசாலாக்ஷி ஆன்ட்டியிடம் தோசை சாப்பிட விட்டுவிட்டோம். காலையில் கிளைக் கொம்போடு ஒரு பெரிய மான் வந்தது. நேராக எங்களைப் பார்த்து நின்றதே தவிர பக்கவாட்டில் திரும்பவில்லை. வெண்பா விசையில் விரலே வைக்கவில்லை. அது புதருக்குள் போய் மறைந்த பிறகு, அப்படி நின்றால் ஒரே குண்டு என்று உறுதி சொல்ல முடியாது அம்மா என்று என் காதில் சொன்னாள். அந்தக் கொம்புக்காக இந்த ஊரில் பெரிய பெரிய ஆம்பிளைகள் தவம் கிடக்கிறார்கள்.

சாயங்காலம் ஒரு பெட்டை மான் வந்து பக்கவாட்டில் நின்று அங்கிள் தூவி வைத்திருந்த சோளத்தைப் பொறுக்கியது. வெண்பா மூச்சை விட்டாள், சுட்டாள். கண் திறந்தே இருந்தது, நான் மானைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மான் துள்ளி நாலு எட்டு ஓடி விழுந்தது. இரண்டாவது குண்டுக்கு வேலை இல்லை. உடனே ஓடாமல் காத்திருந்து, கிட்டே போய், அதன் கழுத்தில் கை வைத்தபடி வெண்பா அழுதாள். நானும் அழுதேன். பெற்ற மகளைக் கையெடுத்துக் கும்பிடலாமா என்று தெரியவில்லை, எனக்குத் தோன்றியது.

கறியை வரமிளகாய் கிள்ளிப் போட்டு, தேங்காய்ப் பல்லோடு பள்ளிபாளையம் பக்குவத்தில் வறுத்தேன். அப்பா முதல் துண்டை வெண்பா தட்டில் வைத்தார். உனக்கும் கொஞ்சம் ஃப்ரீசரில் எடுத்து வைக்கச் சொன்னது அவர்தான். நானாக எடுத்து வைத்தேன் என்று சொல்லச் சொன்னார், நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

நேற்று உன் அணிவகுப்புக்கு ஜார்ஜியா வர டிக்கெட் போட்டேன். உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை, ஆனால் அதில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. பின்னால் வந்து நின்றுகொண்டு, "எனக்கும் ஒண்ணு போடு வள்ளி. நான் உள்ள வரல. வண்டியிலயே இருந்துக்கறேன், அவன் நடந்து போறத தூரத்துல நின்னு பாத்தாப் போதும்" என்றார். நான் மூன்றாகப் போட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். போடுவதைச் சாப்பிடு, தூங்க விடும்போது தூங்கு. நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் உனக்கு நிறைய வேண்டும் என்று எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ தேர்ந்தெடுத்த வழியில் நீ நன்றாக இருப்பாய். ஒன்றே ஒன்று மட்டும் அம்மாவுக்காகச் செய். அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுதிப் போடு. அவரை அந்த வண்டியில் உட்கார வைத்துவிடாதே, சாமி.

உன் அன்பு அம்மா,
வள்ளி