சாப்பாட்டு மேசை நாற்காலிகள்

என்னங்க,

சாப்பாட்டு மேசையைப் பார்த்துத் திடுக்கிடாதீங்க. நாற்காலி நாலையும் நான்தான் வண்டியில ஏத்திட்டுப் போறேன். வெயில் தாழ்ந்ததும் எங்க லைப்ரரித் தோட்டத்துல கவிதையும் பாட்டும் இருக்குல்ல, அங்கே நாற்காலி பத்தலை. மேகம் வேற கூடிட்டே வருது. மழை பிடிச்சா எல்லாம் போச்சு.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுக்கோங்க. பாட்டுக்கு வாசிக்கிற வயலின்காரர் நம்ம எக்ஸ்டென்ஷன் வயரை வாங்கிட்டுப் போக வருவார். அவரை நிக்க வெச்சுக் கதை பேசாதீங்க.

"புத்தகம் அடுக்குறவ கவிதையை எவன் கேப்பான்"னு நேத்து சொன்னீங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னீங்க, ஆனா ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லை. முதல் ஆளா என்னைத்தான் வாசிக்கச் சொல்லியிருக்காங்க. காலையிலேர்ந்து நாலு தடவை வாசிச்சுப் பார்த்துட்டேன்.

வர்றதும் வராததும் உங்க இஷ்டம். நான் கெஞ்ச மாட்டேன்.

சொல்ல மறந்துட்டேன்: சரி பண்றேன் சரி பண்றேன்னு நாளைக் கடத்தினீங்களே, அந்தக் கால் ஆடுற நாற்காலி, அதை முதல் வரிசை ஓரத்துல போடப் போறேன். அதுல விழாம உட்காரத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்.