வெறுந்தண்ணீருக்குக் கோடு வரவில்லை

நானா,

இன்று மகளின் ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். பள்ளிவாசல் பழக்கம். "ஐயோ அங்கிள், இங்க செருப்போடதான் வரணும்" என்றது அங்கே நின்ற பிள்ளை. திரும்பி வந்து மாட்டினேன், அதுவும் கால் மாறி. அப்போதுதான் ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியது. நீங்கள் மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு நோன்பு போய்விட்டது. அந்த வாசத்தில் பக்கத்தில் நிற்பது போலிருந்தது.

உங்கள் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து எனக்கும் நீங்கள் நானா, சொந்த அண்ணன். பாலாவிக்கு அப்பால் நாம் பங்காகப் போட்ட இறால் குளத்தில் முந்தின தரம் வெண்புள்ளி நோய் வந்து எல்லாம் செத்து மிதந்தது. கையிலிருந்த மிச்சத்தையும் போட்டு மறுபடி குஞ்சு வாங்கித் தொட்டியில் வைத்தோம். மகள் இந்த ஆய்வுகூடத்தில் அப்போதுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "குளத்துல விட முந்தி கொஞ்சத்த ஸ்பிரிட்ல போட்டு அனுப்புங்க வாப்பா" என்றாள். நான் முனகினேன். போத்தலில் அள்ளிப் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பியது நீங்கள்.

சோதிக்கிற விதத்தை மகள் சொன்னாள்: கிருமியின் டி.என்.ஏ.யைச் சூடாக்கினால் இரண்டு இழையும் பிரியுமாம். ஆறவிட்டால் ஒவ்வொன்றுக்கும் புதுச் சோடி வளருமாம். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, முப்பது தரத்தில் நூறு கோடியைத் தாண்டுமாம். பிறகுதான் கண்ணுக்குக் கோடாகத் தெரியுமாம். "உம்மாவும் மீன் ஆணத்தச் சூடாக்கிச் சூடாக்கித்தான் வைக்கிறா, அது ஒருநாளும் கூடல்லயே மகள்" என்றேன். விஞ்ஞானத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவன் வேறென்ன சொல்வான்?

மூன்றாம் நாள் உங்கள் போனுக்கு எடுத்தாள். "மாமா, வைரஸ் ஈக்கி. குளத்துல விடவாணாம்."

தொட்டியில் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. "இதுகளுக்கா நோய்வருத்தம்? நேத்து வேலைக்குப் போனவளுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்காதபடி நீங்கள் அதற்குள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். பிறகு கையை எடுத்து, "எவ்வளவு நிச்சயம் மகள்?" என்று கேட்டீர்கள்.

"ரெண்டு தரம் வச்சன் மாமா, ரெண்டு தரமும் கோடு வந்திச்சு. பக்கத்துல வெறுந்தண்ணி வச்சும் பாத்தன், அதுக்கு வரல்ல."

வெறுந்தண்ணீருக்கும் வந்திருந்தால் பிழை அவள் கையில். உங்களுக்கு அது உடனே விளங்கியது. எனக்கு ஒரு மாதம் எடுத்தது. "வாப்பா முதல்லயே சரி என்டுட்டார் மகள்" என்று நான் சொல்லாததைச் சொல்லிப் போனை வைத்துவிட்டு, தொட்டிக்குள் குளோரின் தூளைக் கொட்டி அத்தனை குஞ்சையும் சாகடித்தீர்கள்.

அதே குஞ்சை வாங்கி விட்ட அடுத்த குளங்களில் ஒரு மாதத்தில் இறால் செத்து மிதந்தது. நாம் மறுபடி சோதித்து, கோடு வராத வேறு குஞ்சு விட்டு முழுசாகப் பிடித்தோம். "நான் அன்றைக்கே மகளை நம்பினேன்" என்று தில்லையடியில் கடை கடையாகப் பெருமையடித்தேன். நீங்கள் பக்கத்திலிருந்து பிளேன்டீ குடித்தீர்கள்.

இன்று அங்கே அவள்தான் பொறுப்பு. நகலெடுப்பதோடு நிற்காமல் கிருமியை எழுத்தெழுத்தாக வாசிக்கிறாள். திரையில் நாலு நிறத்தில் மலை மலையாய் ஏறி இறங்குகிறது. ஒன்றும் விளங்காமலே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, நானா. என் தோளைப் பிடித்து நிறுத்தி அங்குள்ள பிள்ளைகளிடம் சொன்னாள்: "என்ட முதல் ரிசல்ட்ட முதல்ல நம்பின ஆள் எங்கட வாப்பாதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போனைப் பொத்திய உங்கள் கை கண்முன் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். வெளியே வந்தது, "பிளேன்டீ ஒன்டு கிடைக்குமா மகள்?" என்பதுதான்.

வராமல் போனது: நான் இல்ல மகள், உன்ட மாமா.