இடது கை

கெடா, மலேசியா
04.03.2025

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் துசாந்தினிக்கு,

செல்லத்தம்பி மாமா பரதேசத்திலிருந்து எழுதிக்கொள்வது. உன் சுகத்துக்கும் உன் அம்மா, என் அக்காவின் சுகத்துக்கும் மூன்று நேரமும் முழங்காலில் நிற்கிறேன். முழங்கால் காய்த்துப்போயிற்று.

போன்களை எல்லாம் பாஸ்டர் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார். மூன்று மாத ஊழியம் முடியும்வரை ஆத்தும வளர்ச்சிக்கு அதுதான் மருந்தாம். அதனால்தான் கடதாசி. கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி என் முகத்தைப் பார்த்ததும் எழும்பி நின்று, "ஐயா ஊழியக்காரரோ?" என்றான். அவன் கேட்டது சிங்களத்தில். எனக்குத் தமிழில் விளங்கியது. இங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களில் நம் தமிழ்ச் சனம்தான் வேலை. வந்த இரண்டாம் நாளே நான் மலாய் கதைக்கத் தொடங்கிவிட்டேன். மனேஜரின் நாய்கூட நான் ஜெபித்தால் குரைக்காது.

இப்போது பெரிய செய்தி. எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் மேடையில் ஏறி, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். ஒருவன் தன் இளைப்பு நோய் சுகமானதைச் சொன்னான். சனம் கொட்டாவி விட்டது. அடுத்தது நான். மைக்கைப் பிடித்ததும் ஆவி இறங்கிவிட்டது மகள்! சுனாமி அன்று வலது கையில் உன்னையும் இடது கையில் உன் தம்பி துலக்சனையும் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றேன் என்றேன். "ஒன்றை விடு, அதை நான் வைத்துக்கொள்வேன்" என்று மேலே இருந்து சத்தம் கேட்டது என்றேன். இடது கையை விட்டேன் என்றேன். ஐயோ, அந்த அழுகையை நீ பார்த்திருக்க வேண்டும்! பெண்கள் நிலத்தில் விழுந்தார்கள். பாஸ்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்களாம். அக்காவுக்குக் காட்டு, பெருமைப்படுவா.

உன் அன்பு மாமா
சுவிசேஷகர் செல்லத்தம்பி


கல்முனை
19.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் காட்ட முன்னமே வல்லியம்மை அக்கா சபையில் வைத்துத் தன் போனில் அம்மாவுக்குக் காட்டிவிட்டா. அன்றிலிருந்து அம்மா என்னோடு கதைப்பதில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, நான் வர முன் எழும்பிப் போகிறா. நேற்று வழி மறித்துக் கேட்டேன். "உன்ன வெச்சிட்டான், என்ட புள்ளய உட்டுட்டான். நான் என்னத்தக் கதைக்க?" என்றா. நானும் உங்கட புள்ளதானே அம்மா என்றேன். "ஓம், நீயும்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

மாமா, அன்று நீங்கள் நத்தாருக்குக் குடித்த வெறி முறியாமல், கடல் எட்டாத அம்பாறை டவுனில் சினேகிதர் வீட்டில் படுத்திருந்ததை நீங்களே எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அம்மா சபையில் நின்றா. நானும் தம்பியும் மட்டும்தான் வீட்டில். என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கியது மருதமுனைப் புடவை வியாபாரி பக்கீர் முகைதீன் காக்கா. தம்பியை ஒருவரும் பிடிக்கவில்லை. ஒருவரும் விடவும் இல்லை.

பக்கீர் முகைதீன் காக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மாவிடம், "தங்கச்சி, உன்ட தம்பி செல்லத்தம்பிய நான் அங்க காணல்ல. இந்தப் புள்ள தனியாத்தான் ஒரு கதவுப் பலகையப் புடிச்சிக்கிட்டுக் கிடந்திச்சி" என்றார். "தண்ணிக்குள்ள ஆர ஆர் கண்ட?" என்று கேட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டா அம்மா.

அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள், நான் அங்கே இருக்கவில்லை என்று. வேறொன்றும் கேட்கவில்லை.

துசாந்தினி


கெடா
02.04.2025

என் கண்ணான மருமகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்து ஒரு பாட்டம் சிரித்தேன். ஓம் மகள், அம்பாறையில்தான் கிடந்தேன். நாலு பேர் சேர்ந்துதான் என்னை எழுப்பியதே! அதையா மேடையில் சொல்ல? குடித்துவிட்டுப் படுத்தவனின் சாட்சிக்கு எவன் அழுவான்?

இங்கே வந்து நான் எவ்வளவு வளர்ந்துவிட்டேன் என்று உனக்கு விளங்காது. ஊரில் நான் வெறும் செல்லத்தம்பி. சந்தையில் என்னைக் கண்டால் ஆட்கள் மற்றப் பக்கம் பார்ப்பார்கள். இங்கே கிழவிகள் என் இடது கையைப் பிடித்து முத்தமிடுகிறார்கள். சொல்லச் சொல்ல அந்தக் கை நோகிறது மகள், மெய்யாகவே. சின்ன விரல்கள் நழுவுவது தெரிகிறது. பொய் என்றால் நோகுமா, நீயே சொல்லு.

அக்கா பாஸ்டரின் விலாசத்துக்கு எழுதியிருந்தா. துலக்சன் கடைசியாக என்ன சொன்னான் என்ற ஒரே கேள்விதான். உடனே பதில் போட்டுவிட்டேன். "அக்காவப் புடிங்க மாமா, எனக்குப் பயமில்ல" என்று சொன்னான் என்று எழுதினேன். நல்லாயிருக்கா? பெற்ற மனசுக்கு அது போதும்.

உனக்கும் ஒரு சந்தோசம் வைத்திருக்கிறேன். மே மாதக் கடைசியில் பினாங்கில் பெரிய கூட்டம். காப்பாற்றப்பட்ட பிள்ளையும் மேடையில் நின்றால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்கிறார் பாஸ்டர். டிக்கட் அவர்களே போடுவார்கள். வெள்ளைச் சாரி எடுத்துவா. நீ பேசத் தேவையில்லை, அழுதால் போதும்.

மாமாவோடு கோபிக்காதே.

சுவிசேஷகர் செல்லத்தம்பி


கல்முனை
08.05.2025

மாமாவுக்கு,

பினாங்குக்கு நான் வரமாட்டேன்.

அம்மாவுக்கு நீங்கள் எழுதியது வந்தது. தம்பி சொன்னதாக நீங்கள் எழுதியதை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சத்தமாக வாசித்தா. பிறகு, "அவன் போயிட்டான். நீ என்னத்துக்கு இரிக்காய்?" என்று கேட்டா. கோபத்தில் கேட்கவில்லை. மீன்காரனிடம் விலை கேட்பதுபோல் கேட்டா.

போனதுக்கு முந்தின ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழும்பினேன். உண்மையைத்தான் சொல்லப் போனேன். முன்வரிசையில் அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. பக்கீர் முகைதீன் காக்கா வீடு தேடி வந்து சொல்லியே கேட்காதவ, நான் சொல்லியா கேட்கப் போறா? எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று தொடங்கினேன். மாமா எங்கள் இரண்டு பேரின் கையையும் உதறிவிட்டுத் தென்னையில் ஏறினார் என்றேன். தம்பி "மாமா, மாமா" என்று உங்கள் இடுப்புச் சாரத்தைப் பிடித்தான், நீங்கள் காலால் உதைத்தீர்கள் என்றேன். அழாத ஆள் இல்லை.

அம்மா எழும்பி வந்து எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தா. "என்ட புள்ள, நீ என்ன பாடு பட்டாய்" என்றா. இப்போது ஒரே பாயில் படுக்கிறோம். சோற்றைக் குழைத்து ஊட்டியும் விடுகிறா, சின்னப்பிள்ளைக்குப்போல.

சபையிலிருந்து உங்கள் பாஸ்டருக்கு எழுதிவிட்டார்கள். பேஸ்புக்கில் இருந்த வீடியோவை அழித்தாயிற்றாம். எங்கள் வீட்டுப் பக்கம் வரவேண்டாம். கத்தியோடு நிற்பேன் என்று அம்மா சொல்கிறா. நான் அம்பாறையில்தான் கிடந்தேன் என்று நீங்கள் எல்லாருக்கும் சொல்லலாம். சொல்லிப் பாருங்கள்.

தம்பியை நினைத்தால்தான் ஒரு மாதிரி இருக்கிறது. அவன் எப்படிப் போனான் என்று ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் ஒரு விதமாகச் சாகடித்தீர்கள், நான் ஒரு விதமாக.

நீங்கள் ஏறின தென்னையைக் காட்டச் சொல்லி அம்மா கேட்கிறா. நாளைக் காலையில் கடற்கரைக்குப் போகிறோம். அங்கே நிற்பதெல்லாம் சுனாமிக்குப் பிறகு வைத்த மரங்கள். அதில் ஒன்றைக் காட்டுவேன்.

துசாந்தினி