சனிக்கிழமை கரண்டு இருக்காது

ஐப்பசி, செவ்வாய்

தோத்தாபுரி மாங்காயை வாங்க ஆளில்லாம ரோட்டோரம் கொட்டின வருசம் இது. நகரியில நாங்க வேலை செஞ்ச தறி ஷெட்டை இடிச்சி கல்யாண மண்டபம் கட்டினதும் இதே வருசம். நானும் மச்சானும் திருப்பதிக்கு வாடகை வீட்டுக்கு வந்ததும் அப்போதான். இன்னைக்கு மேகம் மட்டும். மழை இல்லை. மலை தெரியல.

நான் கைநாட்டு. பேசறேன், போனு எழுதிக்கினு போவுது. எழுதினதை நான் படிக்க முடியாது. அதனால கூச்சம் இல்லை.

மேல் வீட்டு ஓனரம்மா படியிலேயே நின்னு சொல்லிட்டுப் போனாங்க. சனிக்கிழமை கம்பி மாத்தறாங்களாம். காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் கரண்டு கிடையாது.

மச்சான் கஜேந்திரன், செத்துப்போன என் பெண்சாதியோட தம்பி. மூக்குல குழாய், பக்கத்துல ஆக்சிஜன் மிஷின். தறிப் பஞ்சு போய் நெஞ்சுல ஒக்காந்துக்கிச்சி. குழாயைக் கழட்டினா கொஞ்ச நேரத்துல உதடு நீலம். ஓனரம்மா சொன்னதைக் கேட்டு மச்சான், "சனிக்கிழமை நான் லீவு போட்டுடறேன் மாமா"ன்னான்.

ராத்திரி ரசம். அவன் ரெண்டு வாய் துன்னான்.

புதன்

தூறல். சந்திரகிரியிலேர்ந்து கரண்டு வேலைக்காரன் வந்தான். பழைய இன்வெர்டர், புது பாட்டரி.

சுவத்துல மாட்டணும்னான். ஓனரம்மா இறங்கி வந்தாங்க. "கோடகி மேகு கொட்டொத்து தாத்தா." ஆணியே கூடாதாம். முன்னே குடியிருந்தவன் சுவரைச் சல்லடையா ஆக்கிட்டுப் போனானாம். நான் ஆணி அடிக்கலம்மா, மச்சான் மூச்சை அடிச்சி வெக்கப் பாக்கறேன்னேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ். சிரிச்சாங்க. ஆணிக்கு மட்டும் ஒத்துக்கல.

கடைசியில பாட்டரி வாசல்ல படிக்கட்டுக்குக் கீழே. இன்வெர்டர் ஸ்டூல் மேல. ஒயர் ஜன்னல் வழியா. ஜன்னலை இனிமே சாத்த முடியாது. கொசு வரும்.

கரண்டு போனதும் அதுவா பாட்டரிக்கு மாறிக்கும், நீ ஒண்ணும் தொடாதேன்னு வேலைக்காரன் ரெண்டு வாட்டி சொன்னான். மிஷின் மட்டும் ஓட்டினா பாட்டரி மதியம் வரைக்கும் தாங்குமாம். அதுக்கப்புறம் ஆக்சிஜன் சிலிண்டர்.

வெள்ளி

வெயில். சிலிண்டர் ஆட்டோவுல வந்தது. ஒல்லி, நல்ல கனம். எனக்கும் ஆட்டோக்காரனுக்கும் இடுப்பு பிடிச்சிக்கிச்சி.

செஞ்சது: மேல் தொட்டி ரொப்பியாச்சி. ரெண்டு பக்கெட், ஒரு குடம் தனியா. போன் சார்ஜ். மெழுகுவத்தி. ஃபிரிட்ஜ்ல இருந்த பாலைக் காய்ச்சி உறை ஊத்தியாச்சி. ஃபேன், லைட்டு சுச்சுங்க மேலெல்லாம் டேப்பு ஒட்டியாச்சி, மறந்து போட்டுடக் கூடாது. கட்டிலை ஜன்னல்கிட்ட இழுத்தாச்சி. விசிறி எங்கேன்னு தெரியல. காலண்டர் அட்டை போதும்.

செய்யாதது: முகச்சவரம்.

மச்சான் பாத்துக்கினே இருந்தான். "எங்கக்காவைக் கட்டிக்கினு வந்தப்போகூட நீ இவ்ளோ ஏற்பாடு பண்ணல." உண்மைதான்.

சனி

இப்போ சாயங்காலம். காலையிலேர்ந்து சொல்றேன்.

டிபன் முடிஞ்சி தட்டு கழுவறேன், கரண்டு போச்சி. மிஷின் நிக்கல. இன்வெர்டர்ல பச்சை விளக்கு. மச்சான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நல்லபடியா போச்சி.

மதியம் மோர் சாதம். மேல ஓனரம்மா வீட்டுல தண்ணி மோட்டார் ஓடற சத்தம். டிவி சத்தமும். பெரிய இன்வெர்டர் போல, வசதியானவங்கன்னு நெனைச்சேன். அப்படியே விட்டுட்டேன்.

அப்புறம் பாட்டரி கீச் கீச்னு கத்த ஆரம்பிச்சது. குழாயை சிலிண்டருக்கு மாத்தினேன். மூடிகிட்ட புஸ்ஸுனு கசிவு. மீட்டர் முள்ளு கண்ணு முன்னாலேயே இறங்குது. ஈரத்துணி சுத்தினேன், நிக்கல. சிலிண்டர் கடைக்காரனுக்குப் போன் போட்டா எடுக்கல. ஆம்புலன்ஸுக்குப் போட்டேன், வரோம்னாங்க. மச்சான் பேச்சை விட்டுட்டான். மூச்சு மட்டும், தோள்பட்டையைத் தூக்கித் தூக்கி. நகம் கருநீலம். அட்டையால விசிறினேன், அதால ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சே.

ஓனரம்மா முருங்கைக்கீரை கொடுக்க வந்தாங்க. ஏன் இருட்டுல ஒக்காந்திருக்கீங்கன்னாங்க. நான் சிலிண்டரைக் காட்டினேன்.

"தாத்தா, கரண்டு அப்போவே வந்துடிச்சே. நான் மோட்டார் போட்டேனே."

கதவுக்குப் பின்னால மெயின் சுச்சு. கீழே இறங்கி இருந்தது. நான்தான். காலையில கரண்டு போனதும் ஈரக்கையோட போய் இறக்கியிருக்கேன். இறக்கினது எனக்கு ஞாபகமே இல்லை.

தறி ஷெட்டுல அதுதான் மொத வேலை. கரண்டு போனா சுச்சை இறக்கணும். இல்லைன்னா திரும்பி வரும்போது மிஷின் தானா ஓடும், நூல் இழுத்துக்கினு ஓடற நாடா பாதி வழியில நிக்கும், பாவு நூலெல்லாம் அறுந்துடும். குனிஞ்சிகினு இருக்கறவன் கை அதுல இருந்தா கையும். யாரும் யோசிச்சி செய்யறதில்ல. கை செஞ்சிடும்.

மெயினைத் தூக்கினேன். ஆக்சிஜன் மிஷின் உறுமிச்சி. குழாயை மாத்திட்டு தரையில ஒக்காந்துட்டேன். ஓனரம்மா அவன் பாதத்தைத் தேய்ச்சிக்கினே இருந்தாங்க. ஆம்புலன்ஸ் வந்தது, விரல்ல கிளிப் மாட்டிப் பாத்தாங்க, ஆக்சிஜன் ஏறிக்கினு வருதுன்னாங்க, போயிட்டாங்க.

கீரை இன்னும் ஆயல.

ஞாயிறு

மழை. மச்சானுக்கு நகத்துல நீலம் வெளுத்திருக்கு. இட்லி கேட்டான்.

நடந்ததைச் சொன்னேன். கோவப்படுவான்னு பாத்தேன். குழாயோட சிரிச்சான், இருமினான், மறுபடியும் சிரிச்சான். கரண்டு இருக்கும்போதே கரண்டு இல்லாம என்னைக் கொல்லப் பாத்தியேன்னான். ஓனரம்மாவுக்கு விளக்கம் சொல்லிப் பாத்தேன். பாவம் வயசாச்சின்னு தலையாட்டினாங்க. அவங்களுக்குப் புரியல.

"இதை யாருக்காவது சொல்லணும் மாமா. ஷெட்டு ஆளுக்குச் சொன்னாத்தான் சிரிப்பான்."

யோசிச்சோம். பழனி, இருமல்லயே போனான். ஏகாம்பரம், புத்தூர் பஸ்ஸுல, ஒக்காந்தபடியே. சின்னபாபு சென்னையில, காரியம் முடிஞ்சப்புறம்தான் நமக்குத் தெரிஞ்சது. மேஸ்திரி, சக்கரை வியாதி. அவர் பையனும் இல்லை. தொரைசாமி, முத்துகிருஷ்ணன், ரெண்டு பேரும் கொரோனாவுல, ஒரே வாரம்.

மச்சான் விரலை மடக்கிக்கினே வந்தவன் நிறுத்திட்டான். அப்போ நீயும் நானும்தானான்னான்.

இல்லைன்னேன். நாடாவுக்கு நூல் தார் சுத்திக்கினு ஷெட்டு வாசப்படியில ஒக்காந்திருக்குமே, நமக்கெல்லாம் பட்டப்பேரு வெச்சது. இப்போ சத்திரவாடாவுல, பொண்ணு வீட்டுல இருக்குது. காது நல்லா கேக்குதாம்.

குப்பம்மா.