தெரிஞ்சவங்க வீட்டு இறால் ஓடு

புதுச்சேரி,
12.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

மொழி எழுதுவது. போனில் சொல்லலாம்தான். ஆனால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்கள், பட்டினச்சேரி முழுக்கக் கேட்கும். அதனால் நீங்கள் அனுப்பிய டப்பாவைக் கழுவி, அதற்குள் இதை வைத்துக் கண்டக்டரிடம் கொடுக்கிறேன்.

இறால் ஓடு பத்திரமாக வந்தது. அதை வைத்து என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். பச்சை இறால் சாம்பலும் நீலமுமாக இருக்கிறது, சட்டியில் போட்டதும் சிவக்கிறது. அந்தச் சிவப்பு நெருப்பு கொடுத்ததல்ல, அண்ணி. முதலிலேயே ஓட்டுக்குள் இருக்கிறது. வேறொரு பொருள் அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கிறது. சூடு பட்டதும் பிடி விட்டுப்போகிறது. நான் சமைக்காமலே அதை வெளியே எடுக்க வேண்டும். ஓட்டை அரைத்து அசிட்டோனில் ஊறவைத்து, வருகிற சாற்றை வெள்ளைத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் மேலிருந்து விடுவேன். கரைப்பான் ஊற்ற ஊற்ற நிறங்கள் பிரிந்து வளையம் வளையமாக இறங்கும். முதல் தடவை பார்த்த அன்று சாப்பிடப் போகவே மறந்துவிட்டேன்.

ஒரே ஒரு குறைதான், கவிச்சி. டப்பாவைத் திறந்தால் காலேஜ் லேபில் மூக்கைப் பொத்துகிறார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. அடுத்த தடவை வாடை இல்லாமல் அனுப்ப முடியுமா? நேரில் கொண்டுவர வேண்டாம், உங்களுக்கு அலைச்சல். பஸ்ஸில் கொடுத்தாலே போதும்.

அன்புடன்,
மொழி


பட்டினச்சேரி,
18.1.2025

அன்புள்ள மொழிக்கு,

கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். வலை பிரித்துக்கொண்டே கேட்டவர், "அப்ப நான் கடல்ல போயி கறுத்ததும் உள்ளுக்குள்ள முன்னாடியே இருந்ததுதானா, கேட்டு எழுது" என்கிறார். நான் கல்யாண போட்டோவை எடுத்துக் காட்டினேன். முன்னாடியே வெளியிலேயே இருந்திருக்கிறது.

வாடை போக நன்றாகச் செய்து அனுப்பியிருக்கிறேன். நம் வீட்டுக்கு எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். இனிமேல் எவளும் மூக்கைப் பொத்த மாட்டாள். ஏலத்தில் நேற்று இறால் நல்ல விலைக்குப் போனது, உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நீ வேளைக்குச் சாப்பிடு. வளையத்தைப் பார்த்தால் வயிறு நிறையாது.

உன் அண்ணி,
பூங்கொடி


புதுச்சேரி,
2.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். டப்பாவில் வாடையே இல்லை. அதைவிடப் பெரிய செய்தி, குழாயில் புதிதாக ஒரு வளையம் வந்திருக்கிறது. சிவப்போடு சேராமல் தனியாக, எலுமிச்சை நிறத்தில். லேபில் உள்ள ஊதா விளக்கில் காட்டினால் பச்சையாக ஒளிர்கிறது.

எனக்கு வழிகாட்டும் சந்திரலேகா மேடம் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இறால் ஓட்டுல இது இருக்கக் கூடாதே" என்றார். அவர் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிப்ரவரி கடைசியில் துறையில் ஒரு கருத்தரங்கு. அதில் இந்த வளையத்தைப் பற்றி நான்தான் பேச வேண்டுமாம். நன்றாகப் பேசினால் ஆராய்ச்சிப் படிப்புக்குத் தன்னிடமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நம் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்ததே நான்தான். அதற்கும் மேலே ஒரு படிப்பு என்றால் நம்பவே முடியவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறதே, என்ன செய்வேன்?

அன்புடன்,
மொழி


பட்டினச்சேரி,
9.2.2025

அன்புள்ள மொழிக்கு,

எல்லோருக்கும் சந்தோஷம். உன் அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன தடவை டப்பா வாங்க நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது. உன் அறையில் இருக்கும் ஜஸீலா வாங்கிக்கொண்டு எனக்குப் போன் செய்தது. நல்ல மரியாதையான பெண். "நீங்க மொழிக்குத் தெரிஞ்சவங்கதானே, சொல்லியிருக்கா" என்றது. ஆமாம்மா, தெரிஞ்சவங்கதான் என்றேன். பொய் இல்லையே, உன்னை எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த அன்று நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். வந்தவர்களைப் பார்க்க வெட்கப்பட்டு என் சேலைக்குப் பின்னால் நின்றாய்.

கருத்தரங்கில் தைரியமாகப் பேசு. ஓடு இந்த வாரமும் பஸ்ஸில் வரும்.

இப்படிக்கு,
பூங்கொடி


புதுச்சேரி,
2.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

போன கடிதத்தின் அடியில் 'உன் அண்ணி' என்று இல்லை. அதைப் பார்த்தபின் பதில் எழுதக் கை வரவில்லை. இப்போது நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

கருத்தரங்குக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் லேப் கோட்டைத் துவைத்தேன். கோட்டின் கைப்பகுதியில் அந்த எலுமிச்சை நிறச் சாறு சிந்திய கறை இருந்தது. சோப்புப் போட்டதும் கறை சிவந்துவிட்டது. குழம்பு சிந்திய துணி சோப்புப் பட்டால் சிவக்குமே, அதே சிவப்பு. மஞ்சள், அண்ணி! நீங்கள் கவிச்சி போக மஞ்சள்தூள் போட்டுக் கழுவியிருக்கிறீர்கள். மேடம் மீன் சாப்பிடாதவர், அவருக்குத் தெரிய வழியில்லை. மீன்கார வீட்டில் பிறந்த எனக்குத் தெரியவில்லையே! குழாயடியில் நின்று தனியாகச் சிரித்தேன். ஜஸீலா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. கடையில் மஞ்சள்தூள் வாங்கி, அந்தச் சாற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழாயில் ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே உயரத்தில் வந்து நின்றன. மேடத்திடம் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. இதையே சொல்லிவிடு என்றார். ஓட்டில் மஞ்சள் எப்படி வந்தது என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். தெரியும் என்றால் நீங்கள் யார், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதெல்லாம் வருமே.

கருத்தரங்கில் எழுதி வைத்ததைத் தலை நிமிராமல் படித்தேன். முடித்ததும் முன்வரிசையில் இருந்த வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் அதே கேள்விக்குத்தான் வந்தார். "ஓடு அனுப்பினது யாரும்மா, தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்க இல்ல சார், எங்க அண்ணி" என்றேன். "பட்டினச்சேரியில மீன் விக்கிறாங்க. இறால் ஆஞ்சா மஞ்சள் போட்டுத்தான் அலசுவாங்க. நான் ஆய்வு பண்றதுக்கு முன்னாடியே அவங்க ஆஞ்சிட்டாங்க சார்."

அரங்கமே சிரித்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் என் நாக்கு ஒட்டவே இல்லை. காகிதத்தை மூடிவிட்டுச் சிவப்பு வளையத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஜூலையில் மேடத்திடமே சேர்கிறேன். அத்தனை அலசியும் மஞ்சள் ஏன் ஓட்டை விடவில்லை என்று இப்போது அவருக்கு ஒரே யோசனை. நீங்கள் எப்படிக் கழுவினீர்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறார். சனிக்கிழமை டப்பாவைக் கண்டக்டரிடம் கொடுக்காதீர்கள். நீங்களே கொண்டு வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

உங்கள்,
மொழி


பட்டினச்சேரி,
5.3.2025

என் மொழிக்கு,

எலுமிச்சை நிறம், எலுமிச்சை நிறம் என்று எழுதினாயே. வாயைத் திறந்து மஞ்சள் என்று எழுதியிருந்தால், "நான்தான்டி போட்டேன்" என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். படித்த பிள்ளைகளுக்கு மஞ்சளை மஞ்சள் என்று சொல்ல இத்தனை நாளா?

உன் கடிதத்தை ஏலக்கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். ஸ்பீக்கரே தேவைப்படவில்லை. "எங்க வீட்டு மஞ்சளையும் சோதனை செய்யுமா உன் நாத்தனார்" என்று நாலு பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். உன் அண்ணன் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி, 'எங்க அண்ணி' என்ற இடத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் மேடம் மீன் சாப்பிடாதவர் என்பதால் அவருக்கு மாங்காய் ஊறுகாய். உனக்கும் ஜஸீலாவுக்கும் இறால் தொக்கு. ஓட்டை இந்தத் தடவை வெறும் தண்ணீரில்தான் கழுவப்போகிறேன், அதனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரப் போவதில்லை. கையைக் காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாக வருவேன்.

முகத்தில் மட்டும் மஞ்சள் பூசியிருப்பேன். அதையும் உன் குழாயில் விட்டுவிடாதே.

உன் அண்ணி,
பூங்கொடி