உன் பேரில் எடுத்த கூறு

உ
விராலிமலை
விளம்பி வருஷம், மாசி மாதம்

சிரஞ்சீவி முத்துராமனுக்குத் தகப்பன் பிச்சைமுத்து எழுதிக்கொள்வது. கருப்பர் புண்ணியத்தில் நானும் உன் ஆத்தாளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஈப்போவில் நீயும் செவந்தியும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டியது. பேத்திக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், அந்த ஊர் ஈரத்துக்குக் குளிக்க வார்த்த கையோடு தலையைத் துவட்டிவிடச் சொல்லி ஆத்தாள் எழுதச் சொல்கிறாள். கடலை மண்டியில் வியாபாரம் மந்தம், மழை இல்லை. அதெல்லாம் கிடக்கட்டும். உடம்புக்குத்தான் குறையில்லை, மனசு கொதித்துப் போய்க் கிடக்கிறது. குன்றாண்டார்கோவில் பக்கம் நம் ஊருக்குப் போய் கருப்பருக்குக் கிடாய் வெட்டி மாசிப் படைப்பை முடித்துக்கொண்டு நேற்றுத்தான் வந்தோம், வந்ததிலிருந்து கடையில் உட்கார்ந்தாலும் அதே நினைப்புத்தான், அதனால் எழுதிவிடுகிறேன்.

நம் பங்காளிக் கூட்டம் இப்போது பெருத்துப் போச்சு. எங்கள் அப்பன் காலத்தில் கோயில் வேப்பமர நிழலுக்குள் அடங்கின கூட்டம், இன்றைக்குத் திடல் பற்றாமல் கண்மாய்க்கரை வரைக்கும் நிற்கிறது. திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், அறந்தாங்கியிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள், யாருக்கு நான் சித்தப்பன் யாருக்குத் தாத்தன் என்று எனக்கே பிடிபடவில்லை. ஒரு பெண் வந்து காலில் விழுந்தாள், நன்றாயிரு என்று திருநீறு பூசிவிட்டு, யார் இது என்று ஆத்தாளைக் கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. பெருகட்டும், சந்தோஷம்தான், நான் கண் போடவில்லை. ஆனால் ஆள் பெருத்த அளவுக்குக் கிடாய் பெருக்கவில்லையே. நம் வழக்கம் உனக்குத் தெரியும், கல்யாணமானவன் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு கூறு கறி, ஊரில் இல்லாதவன் கூறை அவன் வீட்டு ஆள் எடுத்துக்கொண்டு போவான். இந்த வருஷம் ஓலைப்பாயில் கூறு வைக்க வைக்க ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு உன் பெரியப்பா மகன் வெள்ளைச்சாமி எழுந்து, வெளிதேசத்தில் இருந்துகொண்டு படைப்புக்கு வராதவர்களைக் கழித்துவிடலாம் என்றான். முதல் பேராக உன் பேரைச் சொன்னான். யார், நம் மண்டியில் தராசு பிடித்துத் தொழில் பழகினவன். என் முகத்தைப் பார்த்தே சொன்னான், "பாயிக்கு முன்னால நிக்கிறவுகளுக்குத்தாஞ் சித்தப்பா கூறு, கப்பலேறிப் போனவுகளுக்கு இல்ல" என்று. உடனே பின்னாலிருந்து அந்த நாகராசு, முத்துராமன் அங்கிட்டு டப்பாவில் அடைத்த மீனும் கறியும் திங்கிற ஆளு, அவனுக்குக் கருப்பர் கறி செமிக்குமா என்றான். ஒரு சிரிப்பு. சிரித்ததில் பாதிப் பேர் உன் கல்யாணத்தில் இரண்டு பந்தி உட்கார்ந்தவர்கள்.

இவர்கள் பேசினதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் பெரியப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார், வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரங்கூனில் மூட்டை தூக்கின காலத்தில் வருஷா வருஷம் என் கூறை எடுத்து உப்புக்கண்டம் போட்டு, தம்பி வருவான் என்று உறியில் தொங்கவிட்டிருந்தவர் அவர். ரங்கூனில் குண்டு விழுந்த சண்டைக் காலத்தில் காடு மலையெல்லாம் நடந்து நான் எலும்பும் தோலுமாக வந்து விழுந்த அன்றைக்கு அந்தக் கண்டத்தைத்தான் உன் ஆத்தாள் குழம்பு வைத்தாள். அந்த மனுஷர் இன்றைக்குத் தன் மகனை ஒரு அதட்டு அதட்டவில்லை. கூட்டம் பெருத்தால் மனசு சிறுத்துப் போக வேண்டுமா?

நான் சும்மா இருக்கவில்லை. சண்டை போட்டால் சாமி காரியம் கெடும், விட்டுக் கொடுத்தால் அடுத்த வருஷம் உன் பேரே யாருக்கும் நினைவு இருக்காது. எழுந்து போய்ப் பாய் ஓரத்தில் நின்றுகொண்டு, "அப்படின்னா எனக்கு வச்ச கூற முத்துராமன் பேர்ல வைங்க, இந்த வருசம் நான் நிக்கல" என்று சொல்லிவிட்டேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. கூறு போடுகிற ஆண்டிச்சாமி கையில் கறியோடு அப்படியே நின்றான், பிறகு உன் பேரைச் சொல்லித்தான் வைத்தான். அதை நான் உனக்காக எடுத்துக்கொண்டு வந்தேன். ஆகவே இந்த வருஷம் நம் பங்காளிகளில் நீ இருக்கிறாய், நான் இல்லை. வண்டி கட்டும்போது உன் பெரியப்பா வந்து தன் கூறில் பாதியை நம் சட்டியில் போட்டுவிட்டுப் போனார். பேச வேண்டிய இடத்தில் ஊமையாக இருந்துவிட்டுக் கறியைக் கொண்டுவந்து கொட்டினால் ஆயிற்றா? உன் ஆத்தாள் அதை ஆக்கினாள், நான் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

உன்னை விட்டுக் கொடுக்காமல் பேசினேன் என்று நீ குளிர்ந்து போக வேண்டாம். வெள்ளைச்சாமி கேட்டது அநியாயம், ஆனால் பதிலுக்கு எடுத்து வைக்க என் கையில் சரக்கு இல்லை. முதல் வருஷம் லீவு இல்லை என்றாய், அடுத்த வருஷம் செவந்தி பிரசவம் என்றாய், இந்த வருஷம் கப்பலில் இடம் இல்லை என்றாய். மற்றவர்கள் எல்லாம் நீந்தியா வந்தார்கள்? வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, அந்தத் தப்பைச் செய்யாதே. இப்போதே முதலாளியிடம் போய் அடுத்த மாசிக்கு லீவு கேள். வாயைத் திறந்து கேட்காதவனுக்கு எந்த முதலாளியும் லீவு கொடுத்ததில்லை, நானும் ஒரு முதலாளிதான், எனக்குத் தெரியும். பேத்திக்கு முதல் முடி அங்கே எந்தக் கோயிலிலும் இறக்கிவிடாதே, சடை போடுகிற அளவுக்கு வளர்ந்தாலும் வளரட்டும். ஊருக்கெல்லாம் கொடுக்கச் சாமான் வாங்கிக் குவித்துக்கொண்டு வராதே, கொடுத்தாலும் குறை சொல்வார்கள். வெள்ளைச்சாமிக்குக் கோபமாகக் கடிதம் எழுதவும் வேண்டாம். ஆவணியில் அவன் தங்கச்சி கல்யாணம், நான்தான் முன்னால் நின்று நடத்த வேண்டும், நடத்துவேன், அது வேறு. நீ நாலு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு பாய்க்கு முன்னால் வந்து நின்றால் அதுவே பதில்.

கருப்பரும் ஐயனாரும் உங்கள் மூன்று பேரையும் காப்பார்கள், நீங்கள் பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் கூறை ஆத்தாள் உப்புக்கண்டம் போட்டு உறியில் கட்டியிருக்கிறாள், அது அடுத்த மாசி வரைக்கும்தான் தாங்கும். என் இடத்தை உனக்குக் கொடுத்துவிட்டேன், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு நிற்கிறவன் நான் இல்லை. நீ வந்து உன் இடத்தில் நின்றால்தான் நான் என் இடத்தில் நிற்க முடியும்.

இப்படிக்கு
உன் தகப்பன்
பிச்சைமுத்து