ரெண்டு கதவா, நாலு கதவா

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். ஆறு மணி டிரைவிங் வகுப்புக்கு, வங்கியில் வேலை பார்க்கும் அம்மா வரவில்லை. என் பக்கத்து பிரேக் பெடல் கத்துகிறது, எண்ணெய் விடவேண்டும்.

பத்து மணிக்கு சேக்காட்டிலிருந்து மோகன் போன். சித்தப்பா மகன், என்னைவிட இரண்டு மாதம் சின்னவன். செம்பரம்பாக்கத்துக் குடும்ப நிலத்தில் சித்தப்பா பங்கு ரோட்டோரம். கிடங்கு கட்ட நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பங்கு உள்ளே. அதை அக்கா கல்யாணத்துக்கே அப்பா விற்றுவிட்டார். இதையெல்லாம் நான் நினைப்பதே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

"அண்ணாத்தே, வண்டி ஒன்னு எடுக்கலாம்னு கீறேன். காஸ்ட்லி வண்டி. ரெண்டு பாத்து வெச்சிகீறேன். ஒன்னு ஸ்போர்ட்ஸ் கூப்பே, ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. இன்னொன்னு எஸ்யூவி, ஏழு பேர் போலாம். நீ வந்து ஓட்டிப் பாரு. நீ எத்த சொல்றியோ அத்த எடுக்கறேன்."

ரொம்ப சந்தோஷம்டா என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

நவம்பர் 5, புதன்

வெயில். புழுக்கம். மூன்று வகுப்பு.

மோ.வுக்கு ஓட்டவே தெரியாது. என்னிடம் மூன்று முறை கற்க வந்தான். மூன்று முறையும் எதிரே தண்ணி லாரி வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவர்கள் வீட்டுப் பழைய காரை ஓட்டுவது அவன் மனைவி. அவளுக்கும் நான்தான் வாத்தியார். இவனுக்குக் கூப்பே! வாங்கி, ஷெட்டில் நிறுத்தி, உறை போர்த்தி, விருந்தாளி வந்தால் உறையை விலக்கிக் காட்டுவான்.

எனக்கு மேனாம்பேட்டில் பதினெட்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல். பதினெட்டு வருடமும் இடது சீட்டு. அடுத்தவன் ஓட்ட, நான் பிரேக் போட. அந்தக் கூப்பேயின் படத்தை போனில் எத்தனை தடவை பார்த்திருப்பேன், எனக்கே வெட்கம். வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன். யார் படிக்கப் போகிறார்கள்.

என் மனைவி செல்வி: "இன்னாயா மூஞ்சி இப்டி கீது?"
"பிரேக் கத்துது."
"பிரேக் கத்துனா அதுக்கு எண்ணெ ஊத்து. நீ ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?"

வாங்க வேண்டியது: எண்ணெய். எல் போர்டு ஸ்டிக்கர் 2. செல்விக்குத் தைலம்.

நவம்பர் 9, ஞாயிறு

மேகமூட்டம், மழையில்லை. ஷோரூம்.

முதலில் எஸ்யூவி. மலை மாதிரி. ஏறினால் ஊரே கீழே தெரிகிறது. ஓட்ட சுகம்தான், பஸ் ஓட்டுகிற சுகம்.

அப்புறம் கூப்பே. சாம்பல் நிறம். விற்பனைப் பையன் சாவியை நீட்டி, "யார் சார் டிரைவ் பண்றீங்க?" என்றான். நான் பழக்கதோஷத்தில் நேராக இடது கதவுக்குப் போனேன். மோ.வும் அதே கதவுக்கு வந்தான். இரண்டு பேர் கையும் ஒரே கைப்பிடியில். விற்பனைப் பையன் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான்.

"அண்ணாத்தே, நீ அந்தாண்ட போ. நீதான் ஓட்ற."

பூந்தமல்லி பைபாஸ். ஆக்ஸிலரேட்டரில் காலை லேசாக வைத்ததும் முதுகு சீட்டில் அப்பிக்கொண்டது. மோ. கண்ணை மூடவில்லை. டாஷ்போர்டைத் தட்டி, "போ போ போ, இன்னும் போ மாமே!" என்று கத்தினான். நாற்பத்தாறு வயது எனக்கு. அழுகை வந்தது, கண்ணாடியைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வந்து என் வண்டியில் உட்கார்ந்தேன். கிளட்ச் கருகின வாடை. இவ்வளவு நாளும் இந்த வாடை எனக்குத் தெரிந்ததே இல்லை.

அவன் அதை வாங்கக் கூடாது. வேறு எவன் வேண்டுமானாலும் வாங்கட்டும். அவன் கூடாது.

நவம்பர் 11, செவ்வாய்

நல்ல மழை. வகுப்பு ரத்து.

மாலை அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் மோ. நான் சொன்னவை:
1. சேக்காட்டில் முழங்கால் தண்ணி நிற்கும். கூப்பே மிதக்கும்.
2. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டும்.
3. பிள்ளைகள் எங்கே உட்காரும்?
4. விற்றால் நம் பக்கம் வாங்க ஆள் இல்லை.

எல்லாம் உண்மை. அதுதான் வசதி.

மோ. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "ஊட்டு ஆளுங்களுக்கு பழைய வண்டி கீதே அண்ணாத்தே. அத்த உடு. உனுக்கு இன்னா புடிச்சிது? அத்த மட்டும் சொல்லு."

"எனக்கா? கூப்பே ஒன்னியும் வேலைக்கு ஆவாது. குந்தினா முட்டி வலிக்குது. சும்மா ஷோ."

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான். "செரி. நீ சொன்னா செரி."

மனசு குளிர்ந்துவிட்டது. செல்விக்குத் தைலத்தோடு பக்கோடாவும் வாங்கிப் போனேன்.

நவம்பர் 18, செவ்வாய்

எஸ்யூவி புக் பண்ணிவிட்டானாம், வெள்ளை. ஞாயிறு பூஜை. குளிர்ந்த மனசு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. எஸ்யூவி மட்டும் என்ன மட்டமா?

வங்கி அம்மா இன்றும் ரிவர்ஸில் தூணை இடிக்கப் போனார். திட்டிவிட்டேன். பாவம்.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில். கோயில் வாசலில் பூஜை. நான்கு டயருக்கும் எலுமிச்சை. சாவி என்னிடம் வரும் என்று சலவைச் சட்டை போட்டுப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்து ஓட்டுநர் சீட்டில் ஏறினார். சம்பளத்துக்கு வைத்த டிரைவர், திருநின்றவூர்க்காரர். மோ. முன்னால். சொந்தக்காரர்கள் நடுவில். நானும் செல்வியும் கடைசி வரிசை, மடியில் மாலைக்கூடை.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது மோ. பக்கத்தில் வந்தான்.

"உன்ன ஓட்டச் சொல்லாததுக்கு கோச்சிக்காத அண்ணாத்தே. இவ்ளோ பேரு குந்திகினு வர்ற வண்டிய நீ ஓட்டுனா, உன்ன டிரைவர்னு சொல்லுவானுங்க. நம்ம ஜனங்களே சொல்லும். எனுக்கு அது புடிக்கல."

"பரவால்லடா."

"கூப்பேன்னா அப்டி இல்ல. ரெண்டு சீட்டு. நீ ஓட்டுவ, நான் பக்கத்துல. யாரும் ஒன்னும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் அத்த பாத்தேன். உனுக்கு முட்டி வலிக்கும்னு சொல்ட்ட, உட்டுட்டேன்."

குழாயை மூடாமல் நின்றிருந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர் நகரச் சொன்னார்.

நவம்பர் 24, திங்கள்

தூறல். ஆறு மணி வகுப்பு. வங்கி அம்மா நன்றாக ஓட்டினார், நான் பிரேக்கே தொடவில்லை.

அம்பத்தூர் சிக்னலில் வெள்ளை எஸ்யூவி பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் யாரும் இல்லை. முன்னால் மோ.வும் டிரைவரும். டிரைவர் ஏதோ சொல்ல, மோ. டாஷ்போர்டைத் தட்டிச் சிரித்தான். என்னைப் பார்க்கவில்லை.

அந்த ஆள் ஒற்றைக் கையில் ஸ்டியரிங் பிடிக்கிறான். சொல்லித் தந்தவன் எவனோ.